பேதி உப்பும் வாழைப்பழ எசன்ஸும்

1. சாவடியில் கரைந்த டப்பா

டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்த முசே லூயி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கட்டிகளாக இருக்க வேண்டிய கால்சியம் குளோரைடு, டப்பா நிறையத் தண்ணீராக நின்றது.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசிக் கோடை அது. ஊரைச் சுற்றி இந்திய எல்லை, எல்லையில் சுங்கச்சாவடி. மெட்ராஸிலிருந்து நாங்கள் வரவழைத்த டப்பாவைச் சாவடியில் நிறுத்தி, வெள்ளையாக இருக்கிறதே, என்ன சாமான் என்று திறந்திருக்கிறார்கள். யாருக்கும் புரியவில்லை. மேலதிகாரி வரட்டும் என்று திறந்தபடியே ஓரமாக வைத்துவிட்டார்கள். கால்சியம் குளோரைடுக்குக் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிப்பதுதான் வேலை. குடித்துக் குடித்துக் கடைசியில் தானே கரைந்துபோகும். எங்கள் ஊர்க் கடல்காற்றில் கேட்கவே வேண்டாம். மேலதிகாரி வந்து போகச் சொன்ன நேரத்தில் உள்ளே இருந்தது உப்புத் தண்ணீர்.

டப்பாவை வாங்கி வந்தவர் பக்கிரி. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்து எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர்.

"வாங்கையிலயே உள்ள தளதளன்னு சத்தம் கேட்டுச்சுங்க முசே. மருந்துத் தண்ணின்னு நெனச்சிக்கிட்டேன்."

"மருந்துதான், பக்கிரி. எனக்குத்தான் இப்ப அது வேணும்" என்று சொல்லி லூயி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அந்த டப்பா எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளி மரைக்காயர், சைகோனுக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு அனுப்பிய குடும்பம். கப்பல் வியாபாரம் படுத்துப்போனதும், சரக்கு அடுக்கும் தன் கிட்டங்கிக்குப் பின்னால் மூன்று அறை ஒதுக்கி ஒரு லேப் போட்டார். எசன்ஸ் தயாரிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சைகோன் ராணுவ ஆஸ்பத்திரியின் மருந்துச் சாலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய லூயியைச் சேர்த்தார். திருச்சியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னையும் சேர்த்தார். பெண்பிள்ளை ஆசிட் பிடிப்பதா என்று எங்கள் மாதாகோயில் தெருவே பேசியது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் ஃபிளாஸ்க் இருக்கும்போது எனக்கு வேறு எதுவும் காதில் விழாது.

நாங்கள் செய்தது வாழைப்பழ எசன்ஸ். சாராய ஆலையில் கழிவாக வரும் ஃப்யூசல் ஆயிலை வாங்குவோம். நாறும். அதை அசிட்டிக் ஆசிடோடு சேர்த்து, கொஞ்சம் கந்தக ஆசிட் விட்டுக் காய்ச்சினால், நாற்றம் எங்கோ போய், அறை முழுக்கப் பழுத்த வாழைத்தார் வாசனை எழும்பும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அந்த நிமிஷம் மயிர்க்கூச்செறியும். இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான்.

ஊரில் கலர் சோடா போடும் கோவிந்தசாமிக்கு இந்த எசன்ஸ் வேண்டும். பங்குனியில் ஒரு சாம்பிள் கொடுத்திருந்தோம். அவர் அதை மரத்தூள் போட்ட ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். எடுத்தபோது எசன்ஸ் கலங்கலாக இருந்தது.

"இது என்ன பாய், கழுநீரா? கலர் பாட்டில் கண்ணாடியா இருக்கணும். கலங்கலா இருந்தா ஒருத்தனும் காசு குடுக்க மாட்டான்" என்று மரைக்காயர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

போனவர் ஆனி பிறக்கும் முன்னே தானாகவே திரும்பி வந்தார். சாவடிக் கெடுபிடியால் மெட்ராஸ் எசன்ஸ் வரவில்லை. மாங்கனித் திருவிழா நெருங்கிவிட்டது. சாமி ஊர்வலத்தில் மாடிக்கு மாடி மாம்பழம் இறைக்க, தெருவெல்லாம் ஜனம் நிற்கும். அத்தனை பேருக்கும் தாகம் எடுக்கும்.

"இன்னொரு தடவை பாக்கறேன் பாய். அதே ஐஸ் பெட்டி. கலங்கினா இந்த வருஷம் வெறும் சோடாவே போட்டுக்கறேன். அப்புறம் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அவர் போன பிறகு மரைக்காயர் எங்களைப் பார்த்தார்.

"இந்தத் தடவையும் கலங்கிச்சுன்னா லேப மூடிட்டு வெங்காயம் அடுக்கிடுவேன். வெங்காயமாவது ஒழுங்கா வெங்காய வாசனை அடிக்கும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் செய்துவிடுவார். லேப் மூடினால் லூயிக்கு எங்காவது மருந்துக்கடையில் வேலை கிடைக்கும். எனக்குக் காரைக்காலில் வேறு லேப் கிடையாது. பாண்டிச்சேரியில் அத்தை வீட்டில் தங்கி, கன்னியர் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுக்கலாம் என்று அப்பா அப்போதே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

2. கழுவினால் போதாது

இளைய நண்பர்கள் ரியாக்‌ஷன் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் வேலையே ஆரம்பம். காய்ச்சி இறக்கியதில் எசன்ஸ் இருக்கும், மிச்ச ஆசிட் இருக்கும், ஆகாமல் போன ஃப்யூசல் ஆயில் இருக்கும், தண்ணீரும் இருக்கும். அதைப் பிரிபுனலில் விட்டுக் கழுவ வேண்டும். எசன்ஸ் தண்ணீரைவிட லேசு, மேல் லேயராக நிற்கும். கீழ் லேயரைக் குழாயைத் திறந்து இறக்கிவிட வேண்டும்.

முதல் கழுவல் வெறும் தண்ணீர். அதில் ஆசிட் பெரும்பகுதி போகும். இரண்டாவது ஆப்பசோடாத் தண்ணீர். மிச்ச ஆசிட் அதில் பொங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பார்த்தது இதைத்தான். லூயி புனலை மூடித் தலைகீழாகக் கவிழ்த்து, குழாயைத் திறந்து வாயுவை விடப் போனார். அதே நேரம் மரைக்காயர், "என்ன முசே, எப்படி ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே எதிரே வந்து நின்றார். உஸ்ஸென்று ஒரு சீறல்! முதலாளியின் வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. அன்றைக்குப் பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் நின்றபோது பக்கத்தில் இருந்தவர்கள் வாழைப்பழம் யார் கொண்டுவந்தது என்று தேடினார்களாம். அவரே வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். புனலின் குழாய் எப்போதும் ஆள் இல்லாத சுவரைப் பார்க்க வேண்டும் என்ற விதி அன்று முதல் எங்கள் லேபில் அமலுக்கு வந்தது.

மூன்றாவது கழுவல் உப்புத் தண்ணீர். கல் உப்பைக் கரையும் மட்டும் கரைத்து வடிகட்டி வைத்திருப்போம். எசன்ஸுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரில் ஒரு பங்கை அந்த உப்புத் தண்ணீர் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு பங்கைத்தான். மிச்ச ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் எசன்ஸிலேயே கிடக்கும். அதை உலர்த்தாமல் டிஸ்டில் செய்தால், ஈரமும் எசன்ஸோடு கூடவே ஏறி வந்து பாட்டிலில் இறங்கும். வெயிலில் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கும். ஐஸில் வைத்தால் அந்த ஈரம் பொடித்துளிகளாகப் பிரிந்து, குட்டு வெளிப்படும். பங்குனியில் எங்களை மாட்டிவிட்டது இதுதான். அப்போது எங்களிடம் இருந்த கால்சியம் குளோரைடு பழசு, பாதி ஈரம் குடித்தது. புதிது வந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பியிருந்தோம். புதிது தண்ணீராக வந்து சேர்ந்தது.

திருவிழாவுக்கான எசன்ஸ் முழுவதும் கழுவி முடித்து ஜாடிகளில் நின்றது. வாசனை அபாரம். உலர்த்தத்தான் ஒன்றும் இல்லை.

3. மூன்று பேருக்கு இவ்வளவா?

லூயி ஒவ்வொன்றாகச் சொல்லித் தானே தள்ளிக்கொண்டிருந்தார். சுட்ட சுண்ணாம்பு? எசன்ஸைத் தின்றுவிடும். மறுபடி ஃப்யூசல் நாற்றம் வரும். கந்தக ஆசிட்? வேண்டவே வேண்டாம். சோடியம் சல்ஃபேட்? அதுவும் மெட்ராஸ்.

எனக்குத் திடீரென்று எங்கள் வீட்டு அலமாரி ஞாபகம் வந்தது. மாதம் ஒரு தடவை அப்பா எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கொடுக்கும் கசப்புத் தண்ணீர்!

"முசே, பேதி உப்பு!"

"என்னம்மா, வயிறு சரியில்லையா?"

"அது மக்னீசியம் சல்ஃபேட் முசே. அதுல ஏழு பங்கு தண்ணி இருக்கு. வாணலியில போட்டு வறுத்து அந்தத் தண்ணிய வெளிய தள்ளிட்டா, மறுபடி தண்ணி எங்க கெடைக்கும்னு அலையும். எசன்ஸுல கெடைக்கும்!"

லூயி என்னை முறைத்தார். பிறகு எழுந்து நின்றார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "மத்மசெல், போங்க. ஊர்ல இருக்கற அத்தனையும் வாங்குங்க. ஒரு பொட்டலம் விடாதீங்க!"

ஓடினேன். நிஜமாகவே ஓடினேன். நாட்டு மருந்துக் கடைச் செட்டியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எவ்வளவும்மா வேணும்?"

"எவ்வளவு இருக்கோ அவ்வளவும்."

"யாருக்கும்மா?"

"லேபுக்குங்க."

"லேபுல எத்தனை பேரு?"

"மூணு பேருங்க."

செட்டியார் கடைவாசலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு பேருக்கு இவ்வளவாம்மா? நான் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க, பெரிய டாக்டர்கிட்ட ஒரு நடை காட்டிடுங்க."

அடுத்து இங்கிலீஷ் மருந்துக் கடை, அதற்கடுத்து மாட்டுத்தீவனம் விற்கும் கடை. குரும்பகரத்திலிருந்து உழவுமாட்டுக்கு உப்பு வாங்க வந்த ஒருவர், எல்லாவற்றையும் நானே அள்ளிக்கொண்டதைப் பார்த்து, "உங்க வீட்ல எத்தனை மாடும்மா?" என்று மரியாதையோடு கேட்டார். வெட்கம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம். சாக்கை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அன்று மாலைக்குள் மரைக்காயரின் மலச்சிக்கல் ஊர்ச் செய்தியாகிவிட்டது. இரண்டு பேர் விளக்கெண்ணெயோடு நலம் விசாரிக்க வந்தார்கள்.

"யா அல்லாஹ்! எசன்ஸ் வித்தா பேரு கெடைக்கும்னு பாத்தா, இந்தப் பேருதானா கெடைக்கணும்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் முதலாளி.

4. மாடியில் காயப்போட்டது

பேதி உப்பை வறுப்பது சாதாரண வேலை அல்ல. சூடு பட்டதும் தன்னிடம் இருக்கும் தண்ணீரிலேயே உருகிக் கஞ்சியாகும். கொதித்துப் பொங்கும். பிறகு இறுகி அடிப்பிடிக்கும். பக்கிரி பெரிய இரும்பு வாணலியை ஏற்றி, அடியில் சவுக்கு விறகை எரித்து, கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கிளறினார். ஆவி அடங்கி, வெள்ளை மாவாக உதிர ஆரம்பித்ததும் நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம்.

"ஆறவைக்கணுமே" என்றேன்.

"மாடியில கொட்டுங்க, காத்து நல்லா வருது" என்றார் லூயி.

பக்கிரி கோரைப்பாயை விரித்து உப்பைப் பரப்பினார். கருவாடு காயவைப்பது போலத் துழாவி மெல்லிசாகப் பரப்பினார். எங்கள் ஊரில் எதைக் காயவைக்க வேண்டுமென்றாலும் மாடி, வெயில், கடல்காற்று. நெல்லும் அப்படி, மீனும் அப்படி, துவைத்த துணியும் அப்படி. மூன்று பேரில் ஒருவருக்கும் மாற்றி யோசிக்கத் தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தோம்.

பாதி உப்பை அள்ளி ஒரு ஜாடி எசன்ஸில் போட்டுக் குலுக்கினேன். சரியாக உலர்த்தும்போது என்ன நடக்கும் தெரியுமா? முதலில் போடும் உப்பு ஈரத்தைக் குடித்துக் கட்டிகட்டியாக அடியில் ஒட்டும். மேலே மேலே போடப்போட, ஒரு கட்டத்தில் தூள் ஒட்டாமல் தனித்தனியாகச் சுழன்று பறக்கும். அப்போதுதான் உலர்ந்தது என்று அர்த்தம். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். அத்தனையும் சேறாக அடியில் படிந்தது. ஒரு துகள் பறக்கவில்லை. எசன்ஸ் மங்கலாகவே நின்றது.

"உப்பு மோசம்" என்றார் லூயி.

"வறுத்தது போதலையோ?" என்றார் பக்கிரி.

நான் மாடிக்கு ஏறிப் போய் மிச்ச உப்பைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தேன். விரல்களுக்கு நடுவில் கொழுக்கட்டை மாவு போலப் பிடிபட்டது. காலையில் வாணலியில் அது சலசலவென்று உதிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். எதிரே கடல். கன்னத்தில் பிசுபிசுவென்று ஒட்டும் காற்று. எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சாவடியில் டப்பாவைத் திறந்து வைத்தவர்களை அத்தனை திட்டு திட்டினோம். நாங்களும் அதையேதான் பாய் விரித்துச் செய்திருந்தோம்!

மாடியிலிருந்தே கத்தினேன். "முசே! உப்பு ஈரம் குடிச்சது போதும், பக்கிரிய வந்து கீழ எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க! மறுபடி வறுக்கணும்!"

எசன்ஸில் போட்ட பாதி இனி அடுப்புக்கு ஆகாது, தீப்பிடிக்கும். ஊரில் வாங்க ஒரு பொட்டலமும் மிச்சமில்லை, நான்தான் துடைத்து எடுத்துவிட்டேனே. மாடியில் மிஞ்சிய பாதிதான் எங்கள் கைமுதல். மறுபடி வாணலி, மறுபடி சவுக்கு. இந்தத் தடவை காலி ஜாடிகளையும் அடுப்போரம் வைத்து உலர்த்தினோம். உப்பு சுடச்சுட இருக்கும்போதே ஜாடியில் கொட்டி, மூடி, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினேன். மூடிய ஜாடிக்குள்ளேயே ஆறட்டும் என்று விட்டோம். லூயி சன்னல்களையெல்லாம் சாத்தினார். வேர்த்துக் கொட்டியது. யாரும் முணுமுணுக்கவில்லை.

சேறு படிந்த எசன்ஸை வடிகட்டி எடுத்து, மெழுகை உடைத்து, ஒரு கரண்டி உப்புப் போட்டேன். ஒட்டியது. இன்னொரு கரண்டி. அதுவும் ஒட்டியது. இன்னும் ஒன்று. ஜாடியைச் சுழற்றினேன். அடியிலிருந்து வெள்ளைத் தூள் எழும்பியது. தனித்தனியாக, லேசாக, ஜாடி முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பறந்தது!

"பறக்குது! முசே, பறக்குது!"

லூயி வந்து பார்த்தார், பக்கிரி வந்து பார்த்தார், கிட்டங்கியிலிருந்து முதலாளியும் ஓடி வந்து பார்த்தார். என்ன பறக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் "மாஷா அல்லாஹ்" என்றார். மற்ற ஜாடிகளுக்கும் அந்த உப்பே சரியாகப் போதுமாக இருந்தது. வடிகட்டி, டிஸ்டில் செய்து, உலர்ந்த பாட்டில்களில் பிடித்தோம்.

5. ஐஸ் பெட்டி

மறுநாள் காலை கோவிந்தசாமியின் சோடாக் கம்பெனியில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். அவர் எங்கள் பாட்டிலில் ஒன்றை எடுத்துத் திறந்து முகர்ந்துவிட்டு இறுக்கி மூடினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் பாட்டிலைப் புதைத்து மூடினார். பிறகு சாவகாசமாக வெற்றிலை போட ஆரம்பித்தார். மனிதருக்கு அவசரமே கிடையாது. அத்தையின் வீடும், தையல் வகுப்பும், ஊசியும் நூலும் கண்முன் வந்து வந்து போயின.

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

வெள்ளையாக, பால் போல மங்கலாக இருந்தது.

லூயி தரையைப் பார்த்தார். கோவிந்தசாமி பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, "நான் என்ன பாய் செய்யட்டும்?" என்றார். அவருக்கும் வருத்தம்தான். மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி. வெங்காயந்தான்" என்று வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

பாட்டிலைச் சுற்றி மேஜையில் தண்ணீர் வட்டமாகப் படர்ந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாட்டிலில் விரிசல் இல்லை. மூடியும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

"நில்லுங்க முதலாளி!"

முந்தானையை இழுத்துப் பாட்டிலின் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தேன். ஒரே இழுப்பு. துடைத்த இடத்தில் பாட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த கோவிந்தசாமியின் மீசை முடி முடியாகத் தெரிந்தது.

உள்ளே ஒரு சொட்டுக் கலங்கல் இல்லை. பனித்தது கண்ணாடியின் வெளிப்பக்கம். ஐஸிலிருந்து வந்த குளிர்ந்த பாட்டிலின்மேல் அதே கடல்காற்று வந்து ஒட்டியிருந்தது. சாவடியில் டப்பாவைக் கரைத்து, மாடியில் உப்பைக் கெடுத்து, கடைசியாக இங்கேயும் வந்து எங்களை ஏமாற்றப் பார்த்தது!

கோவிந்தசாமி பாட்டிலைப் பிடுங்கி, தன் துண்டால் சுற்றிச் சுற்றித் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப பங்குனியில குடுத்ததும் இப்படித்தானா? அநியாயமாத் திட்டிட்டேனோ?"

"இல்லைங்க, அது நிஜமாவே கழுநீருதான்" என்றார் லூயி. மரைக்காயர் ஓடி வந்து அவர் வாயைப் பொத்தினார்.

நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். அழுதுகொண்டே சிரித்தேன். பக்கிரி எனக்கு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

திருவிழாவன்று மாடிகளிலிருந்து மாம்பழம் பறந்தது. கீழே தெருவில் ஆளுக்கொரு மஞ்சள் கலர் பாட்டில். மாங்கனித் திருவிழாவில் தெருவெல்லாம் வாழைப்பழம் மணத்தது அந்த ஒரு வருஷம்தான் என்று இன்றும் சொல்வேன். கூட்டத்துக்குள் நின்று நானும் ஒன்று குடித்தேன். ஏப்பம் வந்தபோது பெருமையாக இருந்தது.

ஐப்பசியில் கொடி இறங்கியது, சாவடியும் போனது. மெட்ராஸ் எசன்ஸ் தாராளமாக வந்தது. கோவிந்தசாமி எங்களிடமே வாங்கினார். கிட்டங்கியில் வெங்காயம் ஏறவில்லை. நான் தலை நரைக்கும் வரை அந்த லேபில்தான் இருந்தேன். இன்று வரை எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது.

படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள், முதல் நாள் என்னிடம் புனலும் ஃபிளாஸ்க்கும் எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் கொடுப்பது ஓர் உலர்ந்த துணி. எசன்ஸ் கலங்கலாகத் தெரிந்தால் கீழே கொட்டுவதற்கு முன் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒரு முந்தானை இழுப்பில் நான் பிழைத்தவள். அதனால் அந்தத் துணியைக் கையில் வாங்காதவர்களை நான் லேபுக்குள் விட்டதே இல்லை.